கல்யாணத்துக்கு ஒரு பென்ஷன்

அமெரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் கணவர் மட்டும் வேலைக்குப் போனவர். 35 வருஷச் சராசரிச் சம்பளம் மாதம் 6,000 டாலர். பக்கத்து வீட்டில் இருவருமே போனார்கள், ஆளுக்கு 3,000. ஓய்வூதியத்துக்காகக் கட்டும் சோஷியல் செக்யூரிட்டி வரி இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகைதான்: சம்பளத்தில் பிடிப்பது 6.2 சதவீதம், முதலாளி போடுவது இன்னொரு 6.2.

ஆனால் திரும்பி வரும் தொகை வேறு. 2024ஆம் வருஷச் சூத்திரப்படி, முழு ஓய்வு வயதில் முதல் வீட்டுக்காரருக்கு மாதம் சுமார் 2,600 டாலர். ஒரு சென்ட்கூட வரி கட்டாத மனைவிக்கு அதில் பாதி, 1,300. ஆக 3,900. பக்கத்து வீட்டில் ஆளுக்கு 1,640. இரண்டும் சேர்ந்து 3,280. கணவர் போய்விட்டால் வித்தியாசம் இன்னும் உறைக்கும். முதல் வீட்டு விதவைக்கு 2,600 அப்படியே கிடைக்கும். ஆயுசெல்லாம் வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதே 1,640தான்.

1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட மூலச் சட்டத்தில் மனைவிக்குப் பங்கு கிடையாது. 1939 திருத்தம்தான் மனைவியையும் விதவையையும் சேர்த்தது. (1940 ஜனவரியில் முதல் மாதாந்தரக் காசோலை, 22.54 டாலர், வாங்கிய ஐடா மே ஃபுல்லர் கல்யாணமே செய்துகொள்ளாதவர்.) பெரும்பாலான மனைவிகள் வீட்டோடு இருந்த காலத்தில் அந்தத் திருத்தம் நியாயமாகத்தான் இருந்தது.

சமையலும் பிள்ளை வளர்ப்பும் உழைப்பில்லையா என்று கேட்பார்கள். உழைப்புதான், அதற்குப் பணம் தர வேண்டும் என்பதே என் கட்சியும். ஆனால் இந்தச் சட்டம் அந்த உழைப்பை அளப்பதே இல்லை. அது பார்ப்பது கணவரின் சம்பளத்தை. இந்த வரிக்கான உச்சவரம்புச் சம்பளம் வாங்கியவரின் மனைவிக்கு, பிள்ளையே இல்லாவிட்டாலும், வீட்டில் ஆள் வைத்திருந்தாலும், 2024 கணக்கில் 1,900 டாலர் வரும். 3,000 டாலர் சம்பளத்துக்கு உழைத்த பெண்ணின் சொந்தப் பென்ஷனைவிட அதிகம். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்த, கல்யாணமாகாத தாய்க்கு இந்தக் கணக்கில் ஒன்றுமில்லை. ஒன்பதாம் வருஷம் விவாகரத்தானவளுக்கும் இல்லை. பத்து வருஷம் நிறைந்திருக்க வேண்டும்.

பகுதி நேர வேலை பார்த்தவள் கதை இன்னும் மோசம். அவளுடைய சராசரி 1,200 டாலர் என்றால் சொந்தப் பென்ஷன் சுமார் 1,065. கணவர் முதல் வீட்டுக்காரரைப் போன்றவரென்றால் பாதிப் பங்கான 1,300 ஆகும் வரை மேலே போட்டுத் தருவார்கள். வேலைக்கே போகாதிருந்தாலும் அதே 1,300. அவள் கட்டிய வரி ஓய்வூதியத்தில் ஒரு டாலர்கூடக் கூட்டவில்லை.

இவ்வளவு சொன்னாலும், ஒரு கூட்டத்தை நினைத்தால் எனக்கே தயக்கம். எச்-1பி விசாக்காரரின் மனைவியாக எச்-4இல் போன நம்மூர்ப் பெண்களுக்கு 2015 வரை வேலை பார்க்க அனுமதியே இல்லை. அதன் பிறகும் கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவரின் மனைவிக்குத்தான். எஞ்சினியரிங் பட்டத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்த அவளிடம் போய், உழைக்காமல் வாங்குகிறாய் என்று யார் சொல்வது?

ஜெர்மனி வேறு வழி பிடித்தது. 1992 முதல் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், வளர்த்தவரின் பென்ஷன் கணக்கில் மூன்று வருஷத்தை ஏறத்தாழ நாட்டின் சராசரிச் சம்பளம் வாங்கியதாகவே வரவு வைக்கிறார்கள். கணவர் யார், எவ்வளவு வாங்கினார் என்ற கேள்வியே எழாது.

அமெரிக்காவிலும் 1970களின் கடைசியிலேயே ஒரு யோசனை அரசு அறிக்கை வரை போனது: தம்பதியின் சம்பளத்தை ஒன்றாகக் கூட்டி, ஆளுக்குப் பாதியாக இருவர் கணக்கிலும் எழுதுவது. அப்படிச் செய்தால் நம் இரண்டு வீடுகளும் சமமாகிவிடும். முதல் வீட்டின் 3,900 டாலர் 3,280க்கு இறங்கித்தான் சமமாகும். அந்த 620 டாலரைக் குறைக்கிறேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்க எந்தக் கட்சியும் தயாராக இல்லை.