பிள்ளையின் தலையில் பேன் கண்டால்

சென்ற ஆண்டு புதுநன்மைத் தயாரிப்பு வகுப்பில் நாள் தவறாது முன்வரிசையில் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தி, விழாவுக்கு மூன்று வாரங்களே இருந்தபோது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றெண்ணி அவள் வீட்டுக்குச் சென்றோம். கதவோரம் ஒளிந்து நின்ற பிள்ளையின் தலை முழுவதும் மழிக்கப்பட்டிருந்தது. "வேளாங்கண்ணி நேர்ச்சையோ?" என்று கேட்டோம். தாய் தலை குனிந்து நின்றார். பாட்டிதான் வாய் திறந்தார்.

"நேர்ச்சை ஒண்ணும் இல்ல சாமி. பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்களுக்கும் முன்னால எழுப்பி நிறுத்தி, தலையில பேன்னு சொல்லிப்புட்டாங்களாம். அழுதுக்கிட்டே வந்துச்சு. இவ சீத்தாப்பழக் கொட்டையை அரைச்சுத் தேய்ச்சா. அது கண்ணுல இறங்கிருச்சு. ரெண்டு நாளு ஆஸ்பத்திரி. திரும்பி வந்ததும் இவ அப்பன், இந்த முடியே வேணாம்னு மழிச்சுப்புட்டான்."

நல்ல வேளையாகக் கண் தப்பியது. ஆயினும் மலர்முடியும் முக்காடும் அணிந்து பீடத்தின்முன் வரவேண்டிய பிள்ளை, வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். பேன் அவளுக்குச் செய்தது அரிப்பு மட்டுமே. மற்ற அனைத்தையும் செய்தவர்கள் பெரியவர்களாகிய நாம்.

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பது நம் நாட்டு வழக்கு. அதன் முற்பாதியை இல்லத்தரசியர் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். பேனை வெல்லும் வழி முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. வளர்ந்த பேன் எள்ளளவே இருக்கும். பெண் பேன் நாளொன்றுக்கு எட்டு ஈர்கள் வரை இடும். மயிர்க்காலை ஒட்டி, தோலின் சூடு எட்டும் இடத்தில், பசை போன்ற ஒரு பொருளால் ஒட்டிவைக்கும். பொடுகை ஊதினால் பறந்துவிடும், ஈர் அசையாது. ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் ஈர் பொரித்துக் குஞ்சு வெளிவரும். அது மேலும் பத்து நாட்களளவில் வளர்ந்து தானும் ஈரிடத் தொடங்கும். ஆகவே இன்று தலையிலுள்ள பேன்கள் அனைத்தையும் கொன்றுவிட்டாலும், ஒட்டியிருக்கும் ஈர்கள் அடுத்த வாரம் பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் ஈரிடும் பருவம் எய்துமுன் அவற்றையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. எடுக்கத் தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. எனவே தோலிலிருந்து அவ்வளவு தொலைவுக்கு அப்பால் வெள்ளையாகத் தெரியும் ஈர் பெரும்பாலும் வெற்றுக்கூடே. அதைக் கண்டு அஞ்சவேண்டா.

பேனுக்குச் சிறகில்லை, அது தாவுவதுமில்லை. ஒரு தலை மற்றொரு தலையைத் தொடும்போது ஊர்ந்து செல்கிறது. ஒரே பாயில் படுக்கும் உடன்பிறந்தோர், ஒரே செல்பேசியைக் குனிந்து பார்க்கும் தோழியர், மடியில் கிடத்திக் கொஞ்சும் பாட்டிமார் ஆகியோரிடையேதான் அது பரவுகிறது. நாள்தோறும் குளிக்கும் தலையிலும் அது வாழும். "அழுக்குப் பிள்ளை" என்ற பழிச்சொல் பொய்யானது. மேலும், முதல் முறை பேன் பற்றியவர்க்கு அரிப்புத் தோன்ற நான்கு முதல் ஆறு வாரங்கள்கூட ஆகலாம். பிள்ளை தலையைச் சொறியத் தொடங்குமுன்பே பேன் வீடு முழுவதும் சுற்றி வந்திருக்கும். யாரிடமிருந்து வந்தது என்று அண்டை வீட்டாரோடு வழக்காடுவதில் பயனில்லை. அந்நேரத்தில் வீட்டிலுள்ள அனைவர் தலையையும் பார்த்துவிடலாம்.

பேன் கொடிய நோயைப் பரப்பும் என்ற அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1909-ஆம் ஆண்டில் துனிஸ் நகரில் பணியாற்றிய சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர், டைஃபஸ் காய்ச்சலைப் பேன் பரப்புவதைக் கண்டறிந்தார்; அதற்காக 1928-இல் நோபல் பரிசும் பெற்றார். (டைஃபாய்டு என்பது வேறு, பலர் குழப்பிக் கொள்கின்றனர்.) ஆனால் அவர் கண்டது ஆடையின் தையல் மடிப்புகளில் வாழும் உடற்பேன். தலைப்பேனால் வரும் தீங்கு, சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைப்பதே. பேன் இருப்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கிவைத்தல் ஆகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-லும் 2022-லும் வெளியிட்ட அறிக்கைகளில் வலியுறுத்தியுள்ளது. வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்துவதற்குச் சொல்லவே வேண்டா. பெற்றோரைத் தனியே அழைத்துக் கூறினால் போதும்.

இனி, செய்யவேண்டியது என்ன? விவிலியத்தில் வரும் இலாக்கிசு நகரின் இடிபாடுகளில் 2016-ஆம் ஆண்டு யானைத் தந்தத்தாலான சிறு சீப்பு ஒன்று கிடைத்தது. அதன்மீது கானானிய எழுத்தில் ஒரு வரி பொறித்திருப்பது பின்னர்த் தெரியவந்து, 2022-இல் வெளியாயிற்று. தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் களையட்டும் என்பது அதன் கருத்து. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சீப்பின் ஒருபுறம் சிக்கெடுக்க ஆறு பருத்த பற்கள்; மறுபுறம் பேனெடுக்கப் பதினான்கு நுண்ணிய பற்கள். நம் சந்தைகளில் விற்கும் இருபுறப் பேன்சீப்பும் அதே அமைப்புத்தான்.

அந்தச் சீப்பே இன்றும் முதல் மருந்து. நல்ல பகல் வெளிச்சத்தில் பிள்ளையை முக்காலியில் அமர்த்தித் தோளில் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்துங்கள். தலை முழுதும் ஊறும்படி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெயில் பேன் விரைந்து ஓட இயலாது; சீப்பும் வழுக்கிச் செல்லும். (எண்ணெய் மட்டுமே பேனைக் கொன்றுவிடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.) சாதாரணச் சீப்பால் சிக்கெடுத்தபின், கூந்தலைப் பகுதி பகுதியாக வகிர்ந்து, பேன்சீப்பைத் தோலில் படுமாறு வைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதின் பின்புறமும் பிடரியும் பேன் விரும்பும் இடங்கள். நீண்ட கூந்தலுக்கு ஒரு மணி நேரமும் ஆகும். பின்னர்ச் சீயக்காய் தேய்த்து அலசிவிடலாம்.

இதை முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என நான்கு முறை செய்து, பதினேழாம் நாள் மீண்டும் பார்க்கவேண்டும். பெரும்பாலான வீடுகளில் தவறு நேர்வது இங்கேதான். முதல் நாள் ஐம்பது பேன் விழும், தாய்க்கு மனநிறைவு. ஐந்தாம் நாள் இரண்டே விழும். ஒன்பதாம் நாள் உறவினர் திருமணம். அடுத்த மாதம் தலை நிறையப் பேன். நாட்காட்டியில் நான்கு நாட்களையும் வட்டமிட்டு வையுங்கள்.

சீப்பு மட்டும் போதாதெனில், பெர்மெத்ரின் 1 விழுக்காடு உள்ள மருந்து உண்டு. கழுவித் துவட்டிய தலையில் தடவிப் பத்து நிமிடங்களில் அலசிவிட வேண்டும். அது ஈர்களைக் கொல்வதில்லை. ஆதலால் ஒன்பது நாட்கள் கழித்து மறுமுறை தடவவேண்டும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது. அதற்கும் பேன் சாகவில்லையெனில் மருந்தை எதிர்க்கும் வலிமை பெற்ற பேனாக இருக்கலாம். அளவைக் கூட்டாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

மண்ணெண்ணெயைக் குழந்தையின் தலைக்கு அருகிலேயே கொண்டுசெல்லாதீர்கள். தோல் வெந்துவிடும், அடுப்படியில் ஒரு பொறி போதும். கரப்பான் பூச்சிக்குக் கோடு கிழிக்கும் சாக்குக்கட்டியும் வயலுக்கு அடிக்கும் மருந்தும் அவ்வாறே கொடியவை. முன்னாளில் பேனுக்குத் தடவிய லிண்டேன் நரம்பைத் தாக்கும் நஞ்சு. 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. சீத்தாப்பழக் கொட்டையும் பேனைக் கொல்லத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். தவறிப் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

வீட்டுக்கு மருந்தடிக்கத் தேவையில்லை. தலையை விட்டு விழுந்த பேன் இரத்தமின்றி ஓரிரு நாட்களில் மடியும். தலையணை உறை, துண்டு, போர்வை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். சீப்புகளைப் பத்து நிமிடம் கொதிநீரில் இடுங்கள்.

அந்தச் சிறுமி புதுநன்மை வாங்கினாள். மலர்முடி நழுவாதிருக்க, பாட்டி முக்காட்டோடு சேர்த்து அதைத் தைத்துக் கொடுத்திருந்தார். கிறிஸ்துமசுக்குள் முடி காதளவு வளர்ந்துவிட்டது. சனிக்கிழமை மாலைகளில் நாம் அவ்வழியே செல்லும்போது, திண்ணையில் பாட்டியின் முழங்கால்களுக்கு நடுவே அமர்ந்து தலை கொடுத்திருப்பாள். "ஒண்ணும் இல்ல சாமி, சும்மா பாக்குறேன்" என்பார் பாட்டி.