குடிக்காதவருக்கும் கல்லீரல் கெடுமா?

ஒரு சொட்டு மதுகூடத் தொடாதவருக்குக் கல்லீரல் கெடுமா? கெடும். திருப்பாலைக்குடியில் கருவாடு காயப்போடும் அக்காவுக்குக் கண் மஞ்சளானால், "காமாலைதான், கீழாநெல்லி அரைச்சுக் குடி" என்போம். சில நேரம் சங்கதி வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும். ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்பார்கள். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

நம் 6-வது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்றொரு மரபணுக் கூட்டம் உண்டு. கடலில் படகை மறித்துக் கடலோரக் காவல்படை அடையாள அட்டை கேட்குமே, அப்படி நம் செல்கள் காட்டும் அட்டையைத் தயாரிப்பது இதுதான். இதில் சில வகைகள் அமைந்துவிட்டால், எதிர்ப்புச் சக்தி சொந்தப் படகையே அந்நியப் படகென்று நினைத்துச் சுடுகிற வாய்ப்பு கூடுகிறது.

வாய்ப்புதான். அந்த வகை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அம்மாவுக்கு வந்ததென்று மகளுக்கு வந்த சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பதெல்லாம் அநியாயம்!

மஞ்சள், அசதி, மூட்டுவலி நீடித்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால், பெரும்பாலும் மாத்திரையிலேயே கட்டுப்படுத்தலாம்.