மொழிபெயர்ப்பாளரின் பயோடேட்டாவில் எதைச் சொல்லலாம்?

தமிழ்நாட்டை விட்டு வந்து தில்லியில் குடியேறிய நம் குடும்பங்களில் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கைவந்தவர்களுக்குக் குறைவில்லை. இந்தியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்க விரும்பும் தாய்மார்கள், கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்கள் என்று பலர் ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பில் இறங்கியிருக்கிறார்கள். வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. வேலை பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே வருகிறது. அதனால் லிங்க்ட்இன் போன்ற இடங்களில் தம்மைப் பற்றிய குறிப்பைப் போட்டு, ‘இன்னின்ன செய்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டால்தான் அடுத்த வேலை கிடைக்கும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உழைப்பு நம்முடையது. ஆனால் அந்தக் காகிதத்தில் உள்ள விஷயம் நம்முடையதல்ல. அதை யாருக்காகச் செய்தோம் என்பதுகூடப் பல சமயங்களில் நாம் வெளியே சொல்லக்கூடியதல்ல.

சொல்லாமல் இருந்துவிடலாமே என்றால் அதுவும் முடிவதில்லை. மொழிபெயர்ப்புச் சேவைக்கென்று ஐ.எஸ்.ஓ. 17100 என்ற சர்வதேசத் தரம் 2015இல் வந்தது. அதன்படி, மொழிபெயர்ப்பில் பட்டம் பெற்றிருக்க வேண்டும்; அல்லது வேறு துறைப் பட்டத்தோடு இரண்டாண்டு முழுநேர அனுபவம் வேண்டும்; பட்டமே இல்லையென்றால் ஐந்தாண்டு முழுநேர அனுபவம் வேண்டும். நம்மில் எத்தனை பேர் மொழிபெயர்ப்பில் பட்டம் வாங்கியவர்கள்? பெரும்பாலோர்க்கு அனுபவம் ஒன்றுதான் முதல். அந்தத் தரச் சான்று பெற்ற ஏஜென்சிகள் அனுபவத்துக்கு ஆதாரம் கேட்கின்றன. ரகசியம் காக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று அதே தரம் சொல்கிறது. ஆக, அனுபவத்தைக் காட்டவும் வேண்டும், வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது.

நமக்கு நேரடியாக வேலை தருபவர் அநேகமாக ஒரு ஏஜென்சிக்காரர். அவருக்குக் கொடுத்தவர் வேறொரு நாட்டிலுள்ள பெரிய ஏஜென்சியாக இருக்கலாம். அதற்கும் அப்பால் ஒரு வங்கியோ மருந்துக் கம்பெனியோ இருக்கும். ‘என்.டி.ஏ.’ என்று எல்லோரும் சொல்லும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் முதல் வேலைக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். படிக்காமலே கையெழுத்துப் போடுவது நம் வழக்கம். விளம்பரம் பற்றி அதில் தனியாக ஒரு ஷரத்து இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மொழிபெயர்த்த விஷயத்தை வெளியிடக் கூடாது என்பது ஒன்று. வாடிக்கையாளரின் பெயரையே உச்சரிக்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவது வகை இருந்தால், அந்த வங்கியின் தமிழ் இணையதளம் ஊரறிய வெளியான பிறகும், ‘அதைச் செய்தவன் நான்’ என்று போட்டுக்கொள்ள இயலாது. எத்தனை ஆண்டுக் காலம் என்பதையும் பார்க்க வேண்டும். சில ஒப்பந்தங்கள் இரண்டு அல்லது ஐந்தாண்டில் முடியும்; சிலவற்றுக்கு முடிவே கிடையாது.

‘பெயரைத்தான் எழுதவில்லையே, பிறகென்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்ப்பவர் அப்படிக் கேட்டால் ஓரளவு நியாயம். தமிழ் விஷயம் வேறு. ஒரு துறையில் தமிழில் நடக்கும் வேலைகளும் குறைவு, செய்பவர்களும் குறைவு. மருந்துச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, சோதனையில் சேரும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சம்மதப் படிவம் தரப்பட வேண்டும். அதனால்தான் அந்தப் படிவங்கள் தமிழுக்கு வருகின்றன. ‘ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனியின் இன்ன நோய்க்கான புது மருந்துச் சோதனைப் படிவத்தை இந்த வாரம் தமிழில் முடித்தேன்’ என்று ஒருவர் பெருமையோடு போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயரும் இல்லை. ஆனால் அந்த நோய்க்கு மருந்து தேடும் கம்பெனிகள் நாலைந்துதான் என்றால், போட்டிக் கம்பெனிக்காரருக்கு அது போதும். தமிழ் என்பதால் சோதனை எந்தப் பக்கத்தில் நடக்கப்போகிறது, எப்போது தொடங்கப்போகிறது என்பது வரை ஊகித்துவிடுவார். துறை, மொழி, ஊர், தேதி ஆகிய நாலும் ஓரிடத்தில் சேர்ந்தால் அதுவே விலாசம்.

கம்பெனிகளின் கதை இருக்கட்டும். நம்மவர்களின் காகிதங்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருபவை. அரசியல் சாசனத்தின் 348ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தமிழ்நாட்டுக் கீழ்க் கோர்ட்டுகளில் தமிழில் பதிவான சாட்சியமும், பாகப் பிரிவினைப் பத்திரமும், உயிலும் ஆங்கிலமாகித்தான் அங்கே ஏற வேண்டும். தில்லிக் கோர்ட்டுகளுக்கு வரும் விவாகரத்து வழக்குகளில் கணவன் மனைவிக்குள் தமிழில் எழுதிக்கொண்ட செய்திகள்கூட மொழிபெயர்ப்புக்கு வருகின்றன. இவற்றைச் செய்பவர் யார்? கரோல்பாக்கிலோ ஆர்.கே. புரத்திலோ மயூர் விஹாரிலோ இருக்கும் நம்மில் ஒருவர். செய்த கையோடு, ‘ரோஹிணியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் விவாகரத்து வழக்குக்காக நூறு பக்கம் மொழிபெயர்த்தேன்’ என்று எழுதினால், லட்சக்கணக்கான இந்திக்காரர்களுக்கு அது வெறும் வரி. நமக்கு அப்படியா? பொங்கல் விழாவில் அந்தப் பெண்ணின் தாயார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தீர்ப்பு பின்னால் பொதுவில் வரலாம். ஆனால் வக்கீலிடம் கொடுத்த கடிதங்களும், மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லி அழுததும் தீர்ப்பில் வருபவை அல்ல.

சட்டம் இதை எப்போதோ உணர்ந்திருக்கிறது. கட்சிக்காரர் தம் வக்கீலிடம் சொன்னதை வக்கீல் வெளியிடக் கூடாது என்ற விதியை, 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் தன் 127ஆம் பிரிவில் துபாஷிகளுக்கும் வக்கீல் குமாஸ்தாக்களுக்கும் சேர்த்தே விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. இது தவிர, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 72ஏ பிரிவு இருக்கிறது. ஒப்பந்தப்படி சேவை செய்யும்போது கைக்கு வந்த ஒருவரின் சொந்த விவரங்களை, அதனால் முறையற்ற நஷ்டமோ ஆதாயமோ விளையும் என்று தெரிந்தே சம்மதமின்றி வெளியிட்டால் அபராதம் விதிக்க அது இடம் தருகிறது.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. சில என்.டி.ஏ.க்களில் ‘மீறினால் பத்து லட்சம் நஷ்டஈடு’ என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, அப்படிப் போட்ட தொகை உச்சவரம்புதான். அதற்கு உட்பட்டு நியாயமான ஈட்டைத்தான் கோர்ட்டு வழங்கும். நடைமுறையில் நம்மைப் போன்றவர்களுக்கு வழக்கை விடப் பெரிய தண்டனை, அந்த ஏஜென்சி சத்தமில்லாமல் வேலை அனுப்புவதை நிறுத்திவிடுவதுதான்.

புத்தக மொழிபெயர்ப்பாளர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2013இல் டான் பிரவுனின் ‘இன்ஃபெர்னோ’ நாவல் பல மொழிகளில் ஒரே சமயத்தில் வெளிவர வேண்டும் என்பதற்காக, 11 மொழிபெயர்ப்பாளர்களை இத்தாலியில் மிலான் நகருக்கு அருகே ஒரு நிலவறையில் ஏறக்குறைய இரண்டு மாதம் உட்கார வைத்து வேலை வாங்கினார்கள். கைபேசிக்கு அனுமதி இல்லை. ஆயினும் புத்தகம் வெளிவந்ததும் அந்த ரகசியம் தீர்ந்தது. தாங்கள் செய்ததைத் தாராளமாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது. வங்கிப் படிவமும் வக்கீல் நோட்டீசும் செய்பவருக்கு அந்த வெளியீட்டு நாள் வருவதே இல்லை.

அப்படியானால் எப்படித்தான் எழுதுவது? யாருக்குச் செய்தோம் என்பதை விட்டுவிட்டு, என்ன வகை, எவ்வளவு, எத்தனை காலம் என்பதை எழுதலாம். ‘இன்ன கம்பெனியின் காப்பீட்டுப் பாலிசிகளை மொழிபெயர்த்தேன்’ என்பதற்குப் பதில், ‘2019 முதல் காப்பீடு, வங்கித் துறை ஆவணங்கள், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, சுமார் மூன்று லட்சம் வார்த்தைகள்’ என்று எழுதினால், விஷயம் தெரிந்த ஏஜென்சிக்காரருக்கு இதுவே அதிகம் சொல்லும். கோர்ட்டு வேலையானால், ‘சொத்து மற்றும் குடும்ப வழக்கு ஆவணங்கள், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு, எட்டாண்டு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊரும் வேண்டாம், மாதமும் வேண்டாம். முடித்த வேலையை அன்றைக்கே போடாமல், வருஷக் கடைசியில் மொத்தமாகச் சேர்த்து எழுதுவது உத்தமம்.

மாதிரி கேட்டால் பழைய வாடிக்கையாளரின் பக்கத்தை எடுத்துப் பெயரை மட்டும் அழித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இது கூடவே கூடாது. வாங்குகிறவர், ‘நாளை நம் காகிதமும் இப்படித்தான் போகும்’ என்று நினைப்பார். மாதிரியை நாமே தயார் செய்துகொள்ளலாம். நம் நாட்டில் ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு கடந்தால் பதிப்புரிமை தீர்ந்துவிடும். காந்திஜியின் எழுத்துகள் 2009 ஜனவரி முதல் அப்படிப் பொதுவானவை. அவருடைய ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் 300 வார்த்தைகளைத் தமிழாக்கி வைத்துக்கொண்டால் நடை தெரியும். துறைசார்ந்த மாதிரி வேண்டுமென்றால், நாமே ஒரு கற்பனை வாடகை ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கலாம். கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்துப் போடும் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாக்கியத்தை மறைத்திருப்பார்கள், மேலே கோப்பின் பெயரில் கம்பெனியின் பெயர் பளிச்சென்று நிற்கும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, கேட்டுவிடுவது. பலருக்கு இது தோன்றுவதே இல்லை. வேலை நல்லபடியாக முடிந்து பணமும் வந்த வாரத்தில், ‘தங்கள் நிறுவனத்துக்கு 2023, 2024ஆம் ஆண்டுகளில் மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்த்தேன் என்று என் பயோடேட்டாவில் குறிப்பிடலாமா?’ என்று ஒரே ஒரு வரி மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்க வேண்டாம். பதில் எழுத்தில் இருக்கட்டும். ஏஜென்சியின் பெயரைச் சொல்லப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அவர்களுக்கு அப்பாலுள்ள கம்பெனியின் பெயரைச் சொல்ல அநேகமாகச் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிக்காதவர்களிடம், ‘இன்னார் எங்களிடம் இத்தனை ஆண்டு வேலை செய்தார்’ என்று ஒரு கடிதமாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதை இணையத்தில் போடாமல், கேட்கும் புதிய ஏஜென்சிக்கு மட்டும் தனியே அனுப்பலாம். ஏஜென்சிகளும் அடிக்கடி மூடப்படுகின்றன, பெரியவற்றோடு இணைகின்றன. பிறகு கடிதம் தர ஆளே இருக்காது. ஆகையால் இந்த வருஷம் செய்த வேலைக்கு இந்த வருஷமே கேட்டு வாங்கிவிடுங்கள்.