தகரத்தில் பிறந்த விண்வெளி வீரர்

தென் மும்பையின் சோர் பஜாரில் பழம்பொருள் கடைகள் பல உள்ளன. பழைய பொம்மைகளைச் சேகரிப்போர் இத்தகைய கடைகளை நாடுவர். தகரத்தாலான விண்வெளி வீரர், எந்திர மனிதன், ராக்கெட் ஆகியவற்றுக்கு அவர்களிடையே தனி மதிப்பு உண்டு.

1945இல் இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஜப்பானில் மூலப்பொருள்கள் அரிதாயின. அங்குள்ள தொழிலாளர்கள், தூக்கி எறியப்பட்ட தகர டப்பாக்களை வெட்டிப் பொம்மைகள் செய்தனர். 1957இல் ஸ்புட்னிக் விண்ணில் ஏவப்பட்டது. 1969இல் மனிதன் நிலவில் கால் பதித்தான். சிறுவர்களின் ஆசையும் விண்ணை நோக்கித் திரும்பியது. சாவி கொடுத்தால் நடக்கும் விண்வெளிப் பொம்மைகள் கப்பலேறிப் பல நாடுகளுக்குச் சென்றன.

அவற்றுள் பல, விளையாட்டில் உடைந்தன. பல துருப்பிடித்துக் கபாடிவாலாவிடம் சென்றன. எஞ்சியவை சிலவே. ஆதலால் சேகரிப்போர் பொம்மையில் பொறித்த நாட்டின் பெயரை ஆராய்வர். பழைய அட்டைப்பெட்டியையும் பாதுகாப்பர். தேய்ந்த வண்ணத்தின்மேல் புதுவண்ணம் பூசமாட்டார்கள். பூசினால் பழமையின் சான்று மறைந்துவிடும்.

நம் தாராவியிலும் உடைந்த நெகிழிப் பொருள்கள் நாள்தோறும் தரம் பிரிக்கப்பட்டு, உருக்கப்பட்டு, மீண்டும் பயன்படு பொருள்களாகின்றன. அத்தொழில் செய்வோர் உங்கள் பெற்றோராகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கலாம். ஜப்பானியத் தொழிலாளர்கள் செய்ததும் இத்தகைய பணியே. அவர்கள் குப்பையிலிருந்து ஆக்கிய பொம்மைகளையே இன்று உலகம் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கிறது.

அருஞ்சொற்பொருள்: நெகிழி – பிளாஸ்டிக்; பேழை – பெட்டி.

எழுதுக: உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.