கையெழுத்துப் போட மறுத்தவர்!

நண்பர் தலைமை தாங்கும் கூட்டம். எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். 'நான் போட மாட்டேன்' என்று சொல்ல உங்களுக்குத் துணிச்சல் வருமா? ஜார்ஜ் மேசனுக்கு வந்தது!

1787-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பலமான மத்திய அரசை அமைக்கும் புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டது. தலைமை, ஜார்ஜ் வாஷிங்டன். 39 கையெழுத்துகள் விழுந்தன. மேசன் உட்பட மூவர் மறுத்துவிட்டார்கள். அரசுக்கு இவ்வளவு அதிகாரம் தருகிறீர்களே, மக்களின் உரிமைகளை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்பது மேசனின் கேள்வி. பிரிட்டிஷ் மன்னரோடு போரிட்டு விடுதலை பெற்ற மக்களாயிற்றே, பயம் இருக்காதா?

வாஷிங்டனோடு இருந்த நட்பு கசந்தது. (மேசனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். அந்த உரிமைகள் அவர்களுக்கு எட்டவில்லை.)

எதிர்ப்பு பல மாநிலங்களிலும் கிளம்பியது. 1791-ல் பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம் உள்ளிட்டவற்றைக் காக்கும் 10 திருத்தங்கள் சட்டத்தில் சேர்ந்தன. மறு வருடம் மேசன் காலமானார்.