துணியும் தையலும்

இலங்கையில் பாடசாலை மாணவர்க்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கும் திட்டம் 1993-ஆம் ஆண்டில் தொடங்கியது. 2022-இல் பொருளாதார நெருக்கடி நாட்டை வாட்டிய பின்னரும் அத்திட்டம் கைவிடப்படவில்லை. 2025-ஆம் ஆண்டுக்கு வேண்டிய துணியைச் சீன நாடு நன்கொடையாக அளித்தது. ஆயினும் பிள்ளையின் கைக்கு வருவது சட்டையன்று, துணியே. துணி இலவசம், தையற்கூலி இலவசமன்று.

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் இந்த வேறுபாடு சிறிதன்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021-இல் 1000 ரூபாயாகவும், 2024-இல் 1350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. நகரத்துத் தையற்கடைக்குச் சென்று வரப் பேருந்துச் செலவு ஒருபுறம். கொழுந்து பறிக்கப் போகாத நாளின் சம்பள இழப்பு மறுபுறம். இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில், ஊசி பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பது பெருந்துணையாகும்.

தையல் இயந்திரம் இல்லையே என்று தயங்க வேண்டுவதில்லை. அமெரிக்காவில் ஹோ என்பவர் 1846-இலும் சிங்கர் என்பவர் 1851-இலும் தையல் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றனர். சிங்கர் நிறுவனம் 1877-இல் இலங்கைக்கு வந்தது. தையல் இயந்திரம் தோன்றுவதற்கு முன் உலகம் உடுத்த தைத்த ஆடைகள் யாவும் கையால் தைக்கப்பட்டவையே. ஊசி, நூல், கூரிய கத்தரிக்கோல், அளவு நாடா, சுண்ணக்கட்டி ஆகிய ஐந்தும் தொடக்கத்திற்குப் போதும்.

ஆனால் முதற்பாடத்தைப் புதிய வெள்ளைத் துணியில் கற்கலாகாது. பழைய நூற்சேலை ஒன்றே நல்ல கரும்பலகை. அதனை நான்காக மடித்து, ஓரங்களை மூடித் தைத்து, இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு வரிசையாக நேர்த்தையல் ஓட்டினால் பிள்ளைக்குப் போர்வை ஆயிற்று. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் ‘காந்தா’ இவ்வகையினதே. மடிப்புகளுக்கிடையே தங்கும் காற்று உடற்சூட்டை வெளியே செல்லவிடாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சனவரி மாதத்து விடியலிற் புல்லின்மீது பனி உறைவதுண்டு. அக்குளிரில் பிள்ளை மடுவத்துக்குத் தூக்கிச் செல்லப்படும் குழந்தைக்கு இப்போர்வை உதவும். இதைத் தைத்து முடிக்குமுன் தைப்பவரின் கையும் நேராகிவிடும்.

அடுத்த பாடம் வெட்டுதல். பருத்தித் துணி நனைந்தாற் சுருங்கக் கூடும். ஆதலால் முதலில் நனைத்து உலர்த்த வேண்டும். பின்னர், கிழிந்துபோன பழைய சட்டையின் தையலைப் பிரித்து, அதன் துண்டுகளைச் செய்தித்தாளின்மேல் விரித்து வரைந்து கொள்ளலாம். அச்சட்டை பிள்ளைக்குச் சிறுத்திருக்கும்; ஆகவே பிள்ளையின் மார்பு, தோள், உயரம் ஆகியவற்றை அளந்து தாளைத் திருத்துதல் அவசியம். மார்புச் சுற்றளவோடு 8 முதல் 10 சென்ரிமீற்றர் கூட்டினால்தான் கையை உயர்த்தவும் ஓடி விளையாடவும் இயலும். தையலுக்கென ஒவ்வோர் ஓரத்திலும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் விட வேண்டும். சட்டையின் உயரம் துணிக்கரையின் போக்கிலே அமையுமாறு தாளை வைத்து வெட்டினால், துவைத்தபின் சட்டை கோணாது.

வெட்டிய துண்டுகளை முதலில் நீண்ட தையலாற் பொருத்திப் பிள்ளைக்கு அணிவித்துப் பார்க்க வேண்டும். சரியாயிருப்பின், ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னே குத்தி முன்னே எடுக்கும் பின்தையலால் உறுதியாகத் தைக்கலாம். கைகுழியும் காற்சட்டையின் நடுப்பகுதியும் முதலிற் கிழிபவை. அங்கே இருமுறை தைத்தல் நன்று. வெட்டிய ஓரங்களைச் சுற்றித் தைத்துவிட்டால் நூல் பிரியாது.

கைக்குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் வேண்டாம்; பிய்ந்து விழுந்தால் குழந்தை அதனை வாயிலிட்டுக் கொள்ளும். கழுத்தைச் சுற்றிக் கயிறும் ஆகாது. மார்பின்மேல் ஒன்றன்மேலொன்று படியும் முன்பக்கங்களை, விலாப்பக்கத்திலே சிறு நாடாவால் முடிவதே பாதுகாப்பு.

வளரும் பிள்ளையின் சட்டையிற் கீழ்மடிப்பு 8 சென்ரிமீற்றராவது இருத்தல் வேண்டும். கடைத்தையலில் இம்மடிப்புப் பெரும்பாலும் குறுகியிருக்கும்; வீட்டிலே தைப்பவர்க்கு அது தம் விருப்பம். மறு ஆண்டு அம்மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டால் அதே சட்டை மீண்டும் பொருந்தும். பழைய மடிப்பின் கோடு சற்றுத் தெரியும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. பிள்ளை ஓராண்டில் எவ்வளவு வளர்ந்தது என்பதைக் காட்டும் கோடு அது. அதனைப் பிரிக்கும் வேலையை, மகளாயினும் மகனாயினும், அப்பிள்ளையின் கையிலேயே கொடுக்கலாம். அடுத்த தையல் மாணவர் அங்கே உருவாகிறார்.