சத்து மாத்திரைகளும் தேக ஆரோக்கியமும்

கீரை, காய், கனிகளிலுள்ள சில சத்துக்களை மாத்திரை வடிவில் 'ஆன்டி ஆக்ஸிடெண்டு' என்னும் பெயரால் மருந்துக் கடைகளில் விற்று வருகின்றனர். இவற்றைத் தினந்தோறும் உட்கொண்டால் புற்றுநோயும் இருதய நோயும் அணுகா என்றும், மூப்புத் தாமதப்படும் என்றும் விளம்பரம் செய்யப்படுகிறது. பணம் கொடுத்து வாங்குமுன் இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்தல் அவசியமாகும்.

திறந்து வைத்த எண்ணெய் நாளடைவில் சிக்கு நாற்றம் கொள்வதையும், ஈரத்தில் கிடந்த மண்வெட்டி துருப்பிடிப்பதையும் யாவரும் அறிவர். காற்றிலுள்ள பிராணவாயு சேர்வதே இவ்விரண்டிற்கும் முக்கிய காரணம். இதற்கொப்பான மாறுதல் உடலினுள்ளும் ஓயாமல் நிகழ்கிறது. புகையிலைப் புகை அதனை மிகுதிப்படுத்தும். அதனைத் தடுக்க வல்லவற்றுள் வைட்டமின் 'சி', வைட்டமின் 'ஈ', கீரையிலும் காரட்டிலுமுள்ள பீட்டா கரோட்டீன் ஆகியவை முக்கியமானவை. கீரையும் பழமும் மிகுதியாக உண்போரிடம் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டமையால், அச்சத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தாலும் அதே நன்மை விளையுமென்று அறிஞர் பலர் கருதினர்.

புதிய உரத்தின் பலனை அறிய வேண்டுமாயின், உரமிட்ட பாத்தியின் அருகிலேயே உரமிடாத பாத்தியும் இருத்தல் வேண்டும். நல்ல நிலத்தில் மட்டும் உரமிட்டு, விளைச்சல் முழுவதும் உரத்தால் வந்ததென்பது பிசகு. அதுபோலவே, கீரை உண்போர் புகை பிடிக்காதவராயும் உழைப்பாளிகளாயும் இருத்தல் கூடும். ஆகவே, சீட்டுக் குலுக்கினாற்போல மக்களைப் பிரித்து, ஒரு பகுதியாருக்குச் சத்து மாத்திரையும் மற்றவருக்கு அதே தோற்றமுடைய வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தனர்.

பின்லாந்து தேசத்தில் 1985 முதல் 1993 வரை நடந்த பரிசோதனை இவற்றுள் முதன்மையானது. புகை பிடிக்கும் வழக்கமுள்ள, 50 முதல் 69 வயது வரையுள்ள 29,133 ஆடவர் இதில் சேர்ந்தனர். 1994-ல் வெளியான முடிவு யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டீன் உண்டவரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக, நூற்றுக்கு 18 வீதம் அதிகமாயிற்று. மரணமும் 8 வீதம் அதிகரித்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம், பீட்டா கரோட்டீனுடன் வைட்டமின் 'ஏ'யும் கொடுத்து நடந்த மற்றொரு பரிசோதனையிலும் இந்நோய் 28 வீதம் மிகுந்தமையால், அது 1996 ஜனவரியில், குறித்த காலத்திற்கு 21 மாதங்கள் முன்னரே நிறுத்தப்பட்டது. பெரும்பாலும் புகை பிடிக்காதவரான 22,071 அமெரிக்க வைத்தியரிடம் சுமார் 12 ஆண்டுகள் நடந்த சோதனையில் பீட்டா கரோட்டீனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. 35,533 ஆடவரிடம் 2001-ல் தொடங்கிய வேறொரு சோதனையில், வைட்டமின் 'ஈ' மட்டும் உண்டவரிடம் புராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய் 17 வீதம் அதிகம் என்று 2011-ல் தெரிய வந்தது. இவை போன்ற 78 பரிசோதனைகளை 2012-ல் ஒருங்கே ஆராய்ந்தபோதும், இம்மாத்திரைகள் ஆயுளை நீட்டிப்பதாகக் காணப்படவில்லை.

இதன் காரணம் யாதெனில், கீரையில் ஒரு சத்து மட்டுமன்றிப் பல பொருள்கள் அளவோடு கலந்துள்ளன. ஒன்றை மட்டும் பிரித்து மிகையாகக் கொடுப்பது, ஒரே உரத்தை அளவு மீறி இடுவதை ஒக்கும். மேலும், நோய்க்கிருமிகளை அழிக்க உடலே இப்பிராணவாயு மாறுதலைப் பயன்படுத்துகிறது. அதனை முற்றிலும் தடுப்பது நன்மையாகாது.

எனினும் ஓர் எச்சரிக்கை. குறைவை நிரப்புவது வேறு. நிறைந்ததன்மேல் சேர்ப்பது வேறு. பார்வைக் குறைவைத் தடுக்கும் பொருட்டுச் சிறு குழந்தைகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் வைட்டமின் 'ஏ' திராவகத்தையும், கர்ப்பிணிகளுக்குரிய இரும்புச்சத்து மாத்திரையையும் இதனோடு குழப்பி மறுத்தலாகாது. வைத்தியர் ஒரு நோய்க்கென எழுதிக்கொடுத்த மருந்தையும் தாமே நிறுத்தலாகாது.

பீடி, சிகரெட்டுப் பிடிப்போர் மாத்திரை தம்மைக் காக்குமென்று நம்புதல் ஆபத்து. புகையை விடுவதே அவர்களுக்குரிய காப்பு. மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் சிறு பகுதியைக் கொண்டே வீட்டுக் கொல்லையில் முருங்கை, அகத்தி, பப்பாளி, கொய்யா முதலியவற்றை வைத்து வளர்க்கலாம். கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயத்தைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாயின், வீண் செலவும் அதனால் வரும் தீங்கும் ஒருங்கே நீங்கும்.